பென்சிலுக்கு முன்னால் மண், மாவு, காகிதம்

நாலு வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், பழக்கமில்லாதவர்களுக்குப் பகீரென்று இருக்கும். விரல் எலும்புகள் வரிசையாகத் தெரியும். முன்கையின் இரண்டு எலும்புகளும் தெரியும். நடுவே மணிக்கட்டு இருக்க வேண்டிய இடம் மட்டும் பாதி காலியாகக் கிடக்கும். வளர்ந்தவர்களின் மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அந்த எட்டும் வெறும் குருத்தெலும்புதான். எக்ஸ்ரேயில் அது பதியாது. முதல் சில மாதங்களிலேயே இரண்டு மட்டும் இறுகத் தொடங்கும். நாலு வயதில் மூன்றோ நான்கோ தெரியும். ஆறேழு வயதுக்குள் ஏழு வந்துவிடும். பட்டாணி அளவுள்ள எட்டாவது எலும்பு பெரும்பாலும் 8 வயதுக்கு மேல்தான் தலைகாட்டும்.

இந்தக் கையில்தான் பென்சிலைக் கொடுத்து, நாலு கோடு நோட்டைத் திறந்து வைத்து, "அ பத்துத் தடவை எழுது" என்கிறோம்.

எலும்பு இறுகாததால்தான் குழந்தைக்கு எழுத வரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதே கையால்தான் அது தரையில் சிந்திய பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறது, பாட்டில் மூடியைத் திருகுகிறது. எழுதுவதற்கு வேறு சிலவும் கூடி வர வேண்டும்: விரல்களின் சின்னத் தசைகளில் வலு, தோளும் முழங்கையும் அசையாமல் நிற்க, விரல் மட்டும் அசையும் பழக்கம், கண் பார்ப்பதைக் கை செய்யும் இணக்கம். இவையெல்லாம் எழுதி எழுதி வருபவை அல்ல. பிசைந்து, உருட்டி, கிழித்து, மடித்து, ஒட்டி வருபவை. வீட்டில் 'சும்மா விளையாட்டு' என்று நாம் ஒதுக்கும் கைவேலைகள்தான் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு உண்மையான பாடம். அந்த வேலையைப் பெரியவர்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டால் பாடம் போய்விடும், பொருள் மட்டும் மிஞ்சும்.

கோடு போடுவதில் குழந்தைகளுக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. குழந்தை வளர்ச்சியைக் கவனிப்பவர்கள் எல்லாரும் பார்க்கும் வரிசை அது. இரண்டு வயதை ஒட்டி, நாம் போட்டுக் காட்டும் நிமிர்ந்த கோட்டைப் பார்த்துத் தானும் போடும். மூன்று வயதில் வட்டத்தை மூடத் தெரியும். நாலு வயதுக்குள் கூட்டல் குறி வரும். அதற்கப்புறம் சதுரம். முக்கோணத்தின் சாய்வுக் கோடு வருவதற்கு ஐந்து வயது ஆகிவிடும். ஒரு குழந்தை கொஞ்சம் முந்தும், இன்னொன்று கொஞ்சம் பிந்தும். வரிசை மட்டும் அநேகமாக மாறுவதில்லை.

இதை நம் எழுத்துகளோடு வைத்துப் பாருங்கள். 'ட' என்பது ஒரு நிமிர்ந்த கோடு, ஒரு படுத்த கோடு. 'ப' என்பது மூன்று கோடு. 'அ' அப்படியா? சுழியில் தொடங்க வேண்டும், வளைந்து கீழே இறங்க வேண்டும், திரும்பி மேலேறிக் குறுக்கே ஓட வேண்டும், கடைசியில் கையை எடுத்து ஒரு நேர்கோடு இழுக்க வேண்டும். 'இ' அதைவிடச் சிக்கல். அகரவரிசை மொழியின் ஒழுங்கு. வாயால் சொல்வதற்கு அது சரி. கையின் ஒழுங்கு வேறு. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு 'அ' கோணலாக வருகிறது என்று அழ வைப்பவர்கள், அதே பிள்ளை 'ட'வையும் 'ப'வையும் ஒரு வாரத்தில் போட்டுவிடும் என்பதைக் கவனிப்பதில்லை.

எழுத்துக்கும் முன்னால் கிறுக்கல். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவின் மழலையர் பள்ளிகளில் வேலை பார்த்த ரோடா கெல்லாக், குழந்தைகளின் படங்களைச் சேர்ப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். பத்து லட்சம் படங்களுக்குக் குறையாது. அவற்றைப் பிரித்து அடுக்கிப் பார்த்து, கிறுக்கலில் 20 அடிப்படை வகைகள் இருப்பதாக 1969இல் வெளிவந்த தன் நூலில் காட்டினார்: புள்ளி, நிமிர்ந்த கோடு, படுத்த கோடு, சாய்வு, வளைவு, சுருள், வட்டம் என்று. இவை ஒன்றோடொன்று சேர்ந்துதான் வட்டத்துக்குள் கூட்டல் குறியாகவும், கதிர் நீட்டிய சூரியனாகவும், பிறகு தலையிலிருந்தே கையும் காலும் முளைத்த மனிதனாகவும் ஆகின்றன. சுவரில் குழந்தை கிறுக்கும் சுருளுக்குள் பிற்காலத்து 'இ'யின் சுழி இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். சுவரைக் காப்பாற்ற வேண்டுமானால், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் டேப் ஒட்டிவிடலாம். கிறுக்கலை மட்டும் தடுக்க வேண்டாம்.

கிறுக்கி முடித்ததும் "இது என்னடா?" என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. மூன்று வயதில் அது எதுவுமாக இருக்க வேண்டியதில்லை. கை ஓடிய சந்தோஷம்தான் அது. நாம் கேட்டதற்காகக் குழந்தை ஒரு பெயர் சொல்லும், யானை என்றோ ரயில் என்றோ. அதைவிட, "அம்மாடி, இந்தக் கோடு எவ்வளவு தூரம் போயிருக்கு!" என்று பார்த்ததைச் சொன்னால் போதும். குழந்தையே கதை சொல்லத் தொடங்கிவிடும். 'நீளம்', 'வளைவு', 'மேலே', 'ஓரம்' என்ற சொற்களும் அந்தப் பேச்சிலேயே அதற்கு வந்து சேரும்.

சரி, எழுத்துக்கு வருவோம். பென்சில் இல்லாமல் எழுத்து கற்பிப்பதில் நம் ஊருக்கு நீண்ட பழக்கம் உண்டு. விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பிள்ளையை மடியில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து எழுத வைப்பதை இன்றும் செய்கிறோம். திண்ணைப் பள்ளியில் இது ஒருநாள் சடங்காக நிற்கவில்லை. தினமும் மணலில்தான் எழுத்து. இந்த மணல் எழுத்து இங்கிலாந்து வரை போன கதை பலருக்குத் தெரியாது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் இசையவில்லை. அப்போது பெரிய பிள்ளைகளை விட்டே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டனின் பள்ளிகளுக்குப் பரவியது.

அதற்குப் பிறகு இன்னொரு பயணம், எதிர்த் திசையில். 1907இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய டாக்டர் மரியா மாண்டிசோரி, 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், இத்தாலி போரில் இறங்கியதால் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அதில் கொஞ்ச காலம் கொடைக்கானலில். அவருடைய கருவிகளில் ஒன்று உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகள். குழந்தை ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் அதைத் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, வாய் சொல்கிறது, விரல் தடம் பிடிக்கிறது. திண்ணையில் மணலைத் தடவிய பிள்ளைக்குக் கிடைத்ததும் இதே நாலும்தான்.

வீட்டில் இதற்கு ஒரு எவர்சில்வர் தட்டும் இரண்டு கைப்பிடி ரவையும் போதும். ரவையைக் கொட்டிக் குவிக்கக் கூடாது. தட்டின் பளபளப்பு விரல் போன வழியில் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகப் பரப்ப வேண்டும். குழந்தை எழுதும், தட்டை லேசாக ஆட்டினால் எழுத்து மறையும். இந்த மறைதல்தான் இதில் பெரிய விஷயம். நோட்டில் தப்பாக எழுதினால் அழிரப்பர், கிழிந்த தாள், சிவப்பு மை, திட்டு. தட்டில் தப்புக்குச் சாட்சி கிடையாது. அதனால் குழந்தை அஞ்சாமல் இருபது தடவை எழுதும். நோட்டில் பத்துக்கு அழுத அதே குழந்தைதான்.

இப்போது கோலம். எங்கள் வீட்டில் என் தங்கை மகன் நாலாவது வயதில் கற்ற பாதிக் கணக்கு வாசலில்தான் நடந்தது. மார்கழியில் அம்மா புள்ளி வைக்க உட்கார்ந்தால் அவனும் பக்கத்தில் வந்து குந்துவான். "அம்மாச்சி, எனக்கு மாவு." முதல் இரண்டு நாள் கை நிறைய அள்ளிக் கொட்டினான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய கையை விரித்து, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மாவு மட்டும் வைத்தார். "கண்ணா, எறும்பு தூக்கிட்டுப் போற அளவு எடு பாப்போம்" என்றார். அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவிரலை அடியில் கொடுத்து எடுத்தான். ஒரு புள்ளி விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

நான் சட்டென்று நிமிர்ந்து பார்த்தது அந்த மூன்று விரல்களைத்தான். பென்சில் பிடிப்பதற்கு எந்தப் பிடி வேண்டுமென்று இங்கே படாதபாடு படுகிறோமோ, அதே பிடி. கோலப்பொடி அதைத் தானாகவே வரவழைக்கிறது. முஷ்டியால் பிடித்தால் புள்ளி விழாது, குவியல்தான் விழும். யாரும் திருத்த வேண்டியதில்லை, மாவே திருத்திவிடும்.

அம்மா சொன்ன கோலம் "5 புள்ளி, 1 முடிய, நேர்ப்புள்ளி" மாதிரியான சின்னக் கோலங்கள். நடுவில் 5, மேலே 3, அதற்கு மேலே 1. கீழேயும் அப்படியே 3, 1. எண்ணிப் பார்த்தால் 13. ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் இரண்டு குறைகிறது, மேலும் கீழும் ஒத்திருக்கிறது என்பதை அவன் பாடமாகப் படிக்கவில்லை. ஒருநாள் மேலே 3 வைத்துவிட்டுக் கீழே 4 வைத்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். ஒன்றைத் தானே விரலால் அழித்தான். சமச்சீர் என்ற சொல் ஐந்தாறு வகுப்பு தாண்டி வரும். விஷயம் அன்றைக்கே வந்துவிட்டது.

கோலத்துக்குள் கணக்கு இருக்கிறது என்பது வெறும் பெருமைப் பேச்சும் இல்லை. சென்னை கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, 1970களில் ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளோடு இணைத்து ஆராய்ந்தார். சின்ன விதி ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் பெரிய கோலம் வளரும் என்பதுதான் அதன் சாரம். வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அதே விதிதான் பிடிபடுகிறது.

பிள்ளைகளுக்குச் சிக்குக் கோலம் இப்போதைக்கு வேண்டாம். புள்ளிகளைச் சேர்க்கும் கோலம் போதும். பையன் கோலம் போடலாமா என்று கேட்கிற வீடுகள் இன்னும் உண்டு. விரல் தசைக்கு ஆண் பெண் தெரியாது.

காகிதத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய ஆசை. மழலையர் பள்ளி என்ற எண்ணத்துக்கே வழிகாட்டியான ஜெர்மானியர் ஃபிரெட்ரிக் ஃபுரோபல் 1837இல் தன் பள்ளியைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம் என்று பெயர் வைத்தார். பந்து, உருளை, கனசதுரம் என்று தொடங்கி, காகிதம் மடித்தல், பின்னுதல், களிமண் பிடித்தல் வரை அவருடைய பள்ளியில் கைவேலைதான் பாடம். அவருடைய முறையில் வந்த காகித மடிப்புப் பெட்டி ஒன்று டி. சுந்தர ராவ் என்பவரின் கண்ணில் பட்டது. குழந்தைகளுக்கான அந்த விளையாட்டிலிருந்து தொடங்கி, காகிதத்தை மடித்தே வடிவியலைச் சொல்லித்தரும் ஆங்கில நூல் ஒன்றை 1893இல் சென்னையில் வெளியிட்டார். முன்னுரையிலேயே அந்தப் பெட்டியைத்தான் தன் தூண்டுதலாகச் சொல்கிறார். 1901இல் அதன் அமெரிக்கப் பதிப்பும் வந்தது. அளவுகோலும் காம்பஸும் இல்லாமல், ஒரு தாளை மடித்து மடித்தே சதுரம், அறுகோணம், எண்கோணம் என்று கொண்டுபோகும் புத்தகம் அது.

நம் வீட்டுப் பிள்ளைக்குக் கத்திக்கப்பல் வேண்டாம், சாதாரணக் கப்பல் போதும். அதற்கும் முன்னால் வெறுமனே மடிக்கலாம். பழைய நாளிதழின் ஒரு தாளை எடுத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தால் அரை. இன்னொரு முறை மடித்தால் கால். மூன்றாவது முறைக்கு அரைக்கால். நாலாவது மடிப்புக்கு மாகாணி, பதினாறில் ஒன்று. பிரித்துப் பார்த்துக் கட்டங்களை எண்ணினால் 2, 4, 8, 16. தாத்தா காலத்துப் பின்ன வாய்பாட்டை மனப்பாடம் செய்தவர்கள் பாதிப் பேருக்கு மாகாணி எவ்வளவு என்று கையில் காட்டத் தெரியாது. தாளை மடித்த குழந்தைக்குத் தெரியும். ஐந்து வயதில் 'பதினாறில் ஒன்று' என்று எழுதிக் காட்ட வேண்டாம். "நாலு மடிப்பு மடிச்சா எத்தனை கட்டம் வரும்னு நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு, பதில் எதுவானாலும் பிரித்து எண்ண விட வேண்டும். எட்டு என்று சொல்லும், பத்து என்று சொல்லும். எண்ணியதும் அதன் முகத்தில் வரும் வியப்பு அதற்கே சொந்தம்.

ஓரத்தோடு ஓரம் சேராமல் மடிப்பு சாய்ந்து போகும். அப்போது நம் கை தானாக நீளும். அந்தக் கையை நாம்தான் கட்டிப்போட வேண்டும். கோணல் கப்பலும் மிதக்கும். ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தால், ஏன் சாய்கிறது என்று கேட்க நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது.

மாவும் மண்ணும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தி மாவில் இரண்டு உருண்டை பிடித்து என் தங்கை மகனிடம் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணா?" "ஒண்ணுதான் மாமா." ஒன்றை அவன் கண்ணெதிரே பாம்பாக உருட்டினேன். "இப்ப எதுல மாவு அதிகம்?" யோசிக்கவே இல்லை. "பாம்புலதான், எவ்ளோ நீளம் பாருங்க!" திரும்ப உருண்டையாக்கினேன். "இப்போ?" "ஒண்ணு." மறுபடி பாம்பு. "பாம்புதான் நிறைய." அவன் பொய் சொல்லவில்லை, அலட்சியமும் இல்லை. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜீன் பியாஜே களிமண் உருண்டையை வைத்துச் செய்துகாட்டிய புகழ்பெற்ற சோதனை இது. ஆறேழு வயது வரைக்கும் பெரும்பாலான குழந்தைகள் உருவம் மாறினால் அளவும் மாறிவிட்டதாகவே நினைக்கிறார்கள்.

அவனிடம் "இல்லடா, ரெண்டும் சமம்தான்" என்று நான் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பான். புரிந்திருக்காது. அதற்குப் பதிலாக மாவை அவனிடமே கொடுத்துவிட்டேன். அரை மணி நேரம் பாம்பு, உருண்டை, தட்டை, மறுபடி பாம்பு. சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்பதைக் கை பல நூறு தடவை செய்து பார்த்த பிறகு, ஒருநாள் மனசுக்கு அது தெரிந்துபோகும். அந்த நாள் எப்போது வரும் என்று அவசரப்படுவதற்கு ஒன்றுமில்லை.

வைத்து விளையாடும் மாவுக்கு மைதா இரண்டு பங்கு, தூள் உப்பு ஒரு பங்கு, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு ஸ்பூன் எண்ணெய். மஞ்சள் தூள் போட்டால் மஞ்சள், பீட்ரூட் துருவிப் பிழிந்த சாறு சேர்த்தால் ரோஸ். மூடி வைத்தால் சில நாள் தாங்கும். உப்பு அதிகம் என்பதால் குழந்தை வாயில் வைத்தாலும் துப்பிவிடும். இருந்தாலும் தின்ன விடக் கூடாது. பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கும் களிமண்ணில் ஒரு கட்டியை மிச்சம் பிடித்து ஈரத் துணியில் சுற்றி வைத்தால், அதைவிட நல்ல பொருள் இல்லை. களிமண் எதிர்த்து நிற்கும், மாவு இடம் கொடுக்கும். கைக்கு இரண்டும் வேண்டும்.

மஞ்சள் என்றதும் இன்னொன்று. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி நன்றாகக் காய விடுங்கள். ஒரு கிண்ணத்தில் சலவை சோப்பைக் கொஞ்சம் கரைத்து, காதுக்குச்சியில் தொட்டு அந்தத் தாளில் வரையச் சொல்லுங்கள். தண்ணீர் மாதிரி இருந்த ஒன்று, தாளைத் தொட்டதும் செந்நிறக் கோடாக மாறும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் மறுபடி மஞ்சள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே விஷயம்தான்: காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அமிலம் பட்டால் திரும்பும். சங்குப்பூவை வெந்நீரில் ஊற வைத்த நீலத் தண்ணீரும் எலுமிச்சை பட்டால் ஊதாவாகும். காரம், அமிலம் என்ற பெயரெல்லாம் பின்னால் வரட்டும். "இதுல வேற எதைத் தொட்டா மாறும்?" என்று குழந்தை கேட்டு, தயிரையும் உப்புத் தண்ணீரையும் எடுத்துவர ஓடினால் அங்கேயே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. சுண்ணாம்பை மட்டும் பிள்ளை கையில் தராதீர்கள்; கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. சோப்புத் தண்ணீரே போதும். அதுவும் கண்ணுக்குப் போகாமல் பக்கத்தில் இருங்கள்.

ஆபத்து என்றால் இன்னும் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் புளியங்கொட்டை, மணி, பொத்தான், தெர்மாகோல் உருண்டை எதுவும் வேண்டாம். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணி எந்த வயதுக் குழந்தையின் கைவேலைப் பெட்டியிலும் இருக்கக் கூடாது. பார்க்க அழகு, கடித்து உடைத்து விழுங்கினால் கொடிய விஷம். பசைக்கு மைதாவைக் காய்ச்சிக்கொள்ளலாம். போஸ்டர் ஒட்டுபவர்கள் அந்தப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அதுவும் விஷம், வீட்டுப் பசைக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிதாகக் காய்ச்சினால் போயிற்று.

கத்தரிக்கோல் தரப் பயப்படுகிறோம். முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலை மூன்றரை வயதில் தரலாம், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. கட்டைவிரல் மேலே இருக்க வேண்டும். முதலில் விரலகலக் காகிதப் பட்டையை ஒரே நறுக்கில் துண்டாக்குவது, அப்புறம் நேர்கோட்டில் வெட்டுவது, வளைவு கடைசியில். வலது கை வெட்டும்போது இடது கை தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்து ஒரே காரியத்தை முடிப்பது லேசான விஷயமில்லை. பட்டாணி உரிப்பதும், கீரை ஆய்வதும், அவரைக்காயை நார் எடுத்து ஒடிப்பதும் இதே பயிற்சிதான். அடுக்களையில் உட்காரும் குழந்தைக்குத் தனியாகக் கைவேலை வகுப்பு தேவைப்படாது.

எனக்கு மனசு ஆறாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கை மகன் படித்த மழலையர் பள்ளியில் ஒருநாள் 'ப்ராஜெக்ட்' கொண்டுவரச் சொன்னார்கள்: மழை எப்படி வருகிறது என்று தெர்மாகோலில் செய்து வர வேண்டும். நாலரை வயதுப் பிள்ளைக்கு. அன்று இரவு பதினொன்றரை மணிக்கு என் தங்கை பஞ்சை மேகமாக ஒட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை எட்டரைக்கே தூங்கிவிட்டான். மறுநாள் வகுப்பில் போய்ப் பார்த்தால் மேசை நிறைய அம்மாக்களின் கைவேலை. ஒரே ஒரு பெட்டி மட்டும் பசை வழிந்து, மேகம் கீழேயும் மலை மேலேயுமாக இருந்தது. அதைச் செய்த பெண் குழந்தை அதன் பக்கத்தில் நிற்கவே கூச்சப்பட்டாள். வகுப்பிலேயே உண்மையில் பாடம் படித்திருந்த ஒரே பிள்ளை அவள்தான். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது. நானும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பரிசு கொடுப்பதிலும் இதே மாதிரி ஒரு கண்ணி இருக்கிறது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஒரு சோதனையை நடத்தி வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவில் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம் மட்டும், வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த பத்திரம் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் தரவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விருப்பம்போல விளையாட விட்டபோது பரிசுக்காக வரைந்த பிள்ளைகள், மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் அந்தப் பேனாக்களைத் தொட்டார்கள். பிடித்த விளையாட்டு, கூலி வேலையாகிவிட்டது.

"அழகா வரைஞ்சா சாக்லேட்" என்று சொல்லும்போது நாம் இதைத்தான் செய்கிறோம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் படம் எடுப்பதற்காக "இன்னும் கொஞ்சம் நல்லா கலர் அடி" என்பதும் அதே கணக்கில்தான் வரும். பாராட்டவே கூடாது என்பதல்ல. "சூப்பர்" என்று ஒரே சொல்லால் மூடிவிடாமல், "ரெண்டு தடவை கிழிஞ்சும் மூணாவது தடவை மடிச்சிட்டியே" என்று அது பட்ட பாட்டைப் பார்த்துச் சொன்னால் குழந்தைக்குத் தான் செய்தது தெரியும்.

நேரம் இல்லை என்பார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது உண்மைதான். தினமும் ஒரு மணி நேரம் யாரும் கேட்கவில்லை. இரவுச் சமையல் நடக்கும் இருபது நிமிடம், அடுப்புக்கு எட்டாத தூரத்தில் ஒரு பாய், அதில் ஒரு தட்டு ரவையோ ஒரு கட்டி மாவோ. தினம் ஒரு புதுப் பொருள் வேண்டியதில்லை. ஒரே மாவை ஒரு மாதம் கொடுங்கள். முதல் வாரம் பிசையும், இரண்டாம் வாரம் பாம்பு செய்யும், மூன்றாம் வாரம் பாம்புக்குக் கண் வைக்கும். கடையில் விற்கும், எல்லாம் வெட்டித் தயாராக வரும் கைவேலைப் பெட்டிகளில் குழந்தை யோசிப்பதற்கு இடமே இருப்பதில்லை. அந்தக் காசுக்கு ஒரு கட்டு வெள்ளைத் தாளும் மெழுகுக் கிரேயானும் வாங்கினால் பல மாதம் ஓடும்.

செய்ததில் எதை வைத்துக்கொள்வது? எல்லாவற்றையும் வைக்க வீட்டில் இடமிருக்காது. மாதத்துக்கு இரண்டு படம் போதும். பின்பக்கத்தில் தேதியையும், குழந்தை அதைப் பற்றிச் சொன்னதை அதன் சொற்களிலேயே ஒரு வரியும் எழுதி, ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். தங்கை வீட்டில் அப்படி ஒரு நீல ஃபைல் இருக்கிறது. ஜூன் மாதத் தாளில் ஒரு வட்டம், அதிலிருந்து நேராக இறங்கும் இரண்டு கால். பின்னால், "அம்மாச்சி" என்று எழுதியிருக்கிறது. நவம்பரில் அம்மாச்சிக்குக் கை வந்திருக்கிறது, காதுக்குப் பக்கத்தில். பிப்ரவரியில் உடம்பு வந்துவிட்டது, புடவைக்குக் கோடு கோடாகக் கரை போட்டிருக்கிறான், வலது கையில் ஐந்து விரல். எண்ணிப் பார்த்தால் ஆறு. ஆறாவது விரல் நுனியில் ஒரு சின்னப் புள்ளி. அது என்னவென்று தாளின் பின்னால் அவன் சொன்னதாகத் தங்கை எழுதியிருக்கிறாள்: "கோலப்பொடி."